மீ த ஃபர்ஸ்ட்டும் ஒரு பச்சைத் துண்டும்

மூன்றே மூன்று வார்த்தை. அதற்குப் பயந்து ரெண்டு நாள் என் கடைக்குள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

சிரிக்காதீர்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனுக்குத் தலையில் எதற்கு ஹெல்மெட் என்று கேட்டவர்களிடம், "சேஃப்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். பெரியகுளத்தில் ஸ்கூட்டர் ஓட்டும்போதே ஹெல்மெட் போடாத ஆள் நான். இது இரவல் ஹெல்மெட் வேறு. மூக்கு வரைக்கும் இறங்கி நின்றது. வந்த கஸ்டமரின் முகமே தெரியவில்லை... குரலை வைத்துத்தான் இன்னார் என்று கண்டுபிடித்து வியாபாரம் பார்த்தேன்.

அந்த மூன்று வார்த்தைக்கும், போன ஞாயிறு வரை என் வீட்டுப் பீரோவில் கட்டுப் பிரிக்காமல் கிடந்த ஐந்நூறு கல்யாணப் பத்திரிகைக்கும் சம்பந்தம் உண்டு. வருகிறேன். முதலில், பயந்த கதை.

இந்தப் பத்தி ஞாயிறு காலையில் பேப்பரோடு உங்கள் கைக்கு வருகிறதா? அன்றைக்கே பதினோரு மணிக்கு அதை என் வலைப்பூவிலும் ஏற்றிவிடுவேன். இன்டர்நெட்டில் ஓசியில் கிடைக்கிற இடம். ஓசி என்றால் விடுவேனா? அதற்குக் கீழே வாசகர்கள் கருத்துச் சொல்ல ஒரு பெட்டி இருக்கும். பின்னூட்டம் என்பார்கள். என் பெட்டி மூன்று மாதமாக ஈ ஓட்டியது. வெறுத்துப்போய் ஒரு வாரம் நானே வேறு பெயரில் வந்து 'அருமை ஐயா' என்று எழுதினேன். அப்புறம் சொந்தப் பெயரில் வந்து 'நன்றி ஐயா' என்று பதிலும் எழுதினேன்.

அப்படி இருக்கையில்தான் அந்த ஞாயிறு வந்தது. ஒரு கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் பரிவட்டம் என்று ரெண்டு தரப்பு மல்லுக்கட்டி, கடைசியில் பூசாரியே அதைத் தன் தலையில் கட்டிக்கொண்டு போன கதையை எழுதியிருந்தேன். ஊர் பெயர் போடவில்லை. ஆனால் ஊர்க்காரனுக்குத் தெரியாதா? ஏற்றி நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. பெட்டிக்குள் ஒரு வரி விழுந்தது.

'மீ த ஃபர்ஸ்ட்டு.'

எழுதியது யார்? 'அனானி.' பேர் சொல்லாமல் எழுதுகிறவருக்கு இன்டர்நெட் வைத்திருக்கும் செல்லப் பெயர்.

நல்லா இருக்கு, நல்லா இல்லை — ஒன்றும் கிடையாது. நான்தான் ஃபர்ஸ்ட் என்கிறான். எதற்கு ஃபர்ஸ்ட்? அடிக்கிறதுக்கா? அப்படியென்றால் செகண்ட் யார்? மொத்தம் எத்தனை பேர்? வரிசை நிறுத்தி, டோக்கன் எல்லாம் கொடுத்தாச்சா? கதையில் பூசாரியைக் கிண்டல் செய்தேனே... பூசாரிக்கு ஆறு தம்பிமார் என்பது ஏற்றி முடித்த பிறகா ஞாபகம் வரவேண்டும்?

"என்னங்க இது கோலம்?" என்றாள் என் மனைவி செல்வி, ஹெல்மெட்டோடு சோறு தின்றுகொண்டிருந்தவனைப் பார்த்து.

"ஒருத்தன் வாரான் செல்வி. ஃபர்ஸ்ட்டா வாரானாம். அடிக்கத்தான்."

"வரட்டும். எனக்கும் சேத்து ரெண்டு போடச் சொல்லுங்க."

மூன்றாம் நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எஸ்தரம்மாவிடம் போனேன். எங்கள் கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். அவர்களுக்கு மூன்று தலைமுறையாகப் பாத்திரக் கடை. அதில் பாதியைப் பிளைவுட்டால் தடுத்து, ஆறு கேபின் போட்டு, ஆறு கம்ப்யூட்டர் வைத்துவிட்டார். இந்தப் பக்கம் குக்கர், அந்தப் பக்கம் ஈமெயில்.

துண்டுச் சீட்டில் அந்த வரியை எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். படித்தார். என்னை ஒருமுறை, ஹெல்மெட்டை ஒருமுறை பார்த்தார்.

"இதுக்காண்ணே ஹெல்மெட்டு?"

"அர்த்தத்தச் சொல்லுங்கம்மா."

"நான்தான் முதல்ல வந்தேன்னு அர்த்தம். வேற ஒண்ணுமில்ல. பிளாக் எழுதுறவுக, படிக்கிறவுகளுக்குள்ள இது ஒரு வெளாட்டு. புதுசா ஒண்ணு ஏத்துன ஒடனே யாரு முந்தி வாராகளோ, அவுக இத எழுதிட்டுப் போவாக."

"சரி, படிச்சிட்டுத்தான எழுதுவாக?"

"படிச்சா எப்படிண்ணே முந்த முடியும்?"

ஹெல்மெட்டைக் கழற்றினேன். அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பூசாரியின் ஆறு தம்பிமாரும் குறைந்தபட்சம் என் கதையைப் படித்துவிட்டுத்தானே அடிக்க வந்திருப்பார்கள்?

நான் கிளம்பும்போது எஸ்தரம்மா மூன்றாம் நம்பர் கேபினில் கீபோர்டைத் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமையில இருந்துண்ணே... இது ஒண்ணு மட்டும் பூண்டு வாடை. என்னத்தப் போட்டுத் தொடைச்சாலும் போகமாட்டேங்குது."

என் கவலை எனக்கு. காதில் வாங்காமல் வந்துவிட்டேன்.

பயம் போனால் எனக்கு அடுத்து வருவது ஆராய்ச்சி. இந்த 'மீ த ஃபர்ஸ்ட்டு' எங்கே பிறந்தது? யார் பெற்றது? மற்ற தமிழ் வலைப்பூக்களில் நுழைந்து பார்த்தால், எங்கே பார்த்தாலும் இதுதான். கவிதைக்குக் கீழே 'மீ த ஃபர்ஸ்ட்டு.' சாம்பார் செய்முறைக்குக் கீழே 'மீ த ஃபர்ஸ்ட்டு.' ஒருவர் தன் அப்பா இறந்ததைப் பற்றி உருக்கமாக எழுதியிருக்கிறார்... அதற்குக் கீழேயும் ஒரு புண்ணியவான் அதையே எழுதிவிட்டு, அப்புறம் படித்திருப்பார் போல, 'மன்னிக்கவும்' என்று இன்னொன்றும் போட்டிருந்தார்.

மஸ்கட்டில் வேலை பார்க்கிற உத்தமபாளையத்து வாசகர் ஒருவர் எனக்கு அவ்வப்போது ஈமெயில் போடுவார். அவரைக் கேட்டேன். வெள்ளைக்காரர்கள் அவர்கள் தளங்களில் வெறுமனே 'ஃபர்ஸ்ட்' என்றுதான் எழுதுவார்களாம். நம் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, முன்னால் ஒரு 'மீ' சேர்த்து, பின்னால் ஒரு 'ட்டு' வைத்துத் தைத்து, நம்ம ஊர் சட்டையாக்கிவிட்டார்கள் என்றார். அவர் சொல்வது சரியா என்று எனக்குத் தெரியாது. இன்னொரு நண்பர், இது பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பைப்படியில் பிறந்த வார்த்தை என்கிறார். அதுவும் இருக்கலாம்.

ஒன்று மட்டும் நிச்சயம். இந்த 'மீ த ஃபர்ஸ்ட்டு'வை முதன்முதலில் எழுதிய ஆள் யார் என்று யாருக்குமே தெரியவில்லை. எவ்வளவு பெரிய அநியாயம், பாருங்கள்!

என்னைக் கேட்டால், வார்த்தைதான் புதுசு, சமாச்சாரம் நம்முடையது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணி யார் வயலுக்கு முதலில் பாய்வது? திருவிழாவில் முதல் விபூதி யாருக்கு? அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். பெரியகுளம் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே பறக்கும். ஆள் வெளியே கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருப்பார். ஆனால் சீட் அவருடையது. அந்தத் துண்டை எடுத்துப்போட்டு உட்காருகிறவனை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தத் துண்டு என்ன சொல்கிறது? மீ த ஃபர்ஸ்ட்டு!

இதற்கிடையில் அனானி ஒரு ஞாயிறும் தவறவில்லை. பதினோரு மணிக்கு ஏற்றினால் பதினொன்று நாலுக்குள் ஆஜர். எனக்கும் பழகிவிட்டது. பழகியது மட்டுமா? அந்த வரி விழுகிற வரைக்கும் காபி இறங்காது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. படிக்காத ஒரு வாசகனுக்காக வாரா வாரம் காத்திருந்த எழுத்தாளன் தமிழில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இனி அந்தப் பீரோவுக்குள் கிடந்த பத்திரிகைக் கட்டு.

என் மகள் கயல்விழிக்குக் கல்யாணம் முடிவானதைப் போன மாதம் இதே இடத்தில் எழுதியிருந்தேன். எழுதாத ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்தால், சாமி காலில் வைத்த கையோடு முதல் பத்திரிகை பெண்ணின் தாய்மாமன் வீட்டுக்குப் போகவேண்டும். தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. அது முடியாமல் ரெண்டாவது பத்திரிகை யார் கைக்கும் போகாது. கயலுக்குத் தாய்மாமன் ஒரே ஒருத்தர். செல்வியின் அண்ணன் வீரணன். கெங்குவார்பட்டி. மலைப்பூண்டு வாங்கி வடுகபட்டிச் சந்தையில் விற்கிற வியாபாரி. அவரும் நானும் பேசி எட்டு வருஷம் ஆகிறது.

தப்பு என்னுடையது. கயல் வயசுக்கு வந்த சடங்கு. தாய்மாமன் சீர் வந்து, அவர் கையால் முதல் மாலை போட்டால்தான் அடுத்தவர் கிட்டே வரமுடியும். மச்சானின் வேன் தேவதானப்பட்டியில் பஞ்சர். செல்போன் இல்லாத காலம். "நல்ல நேரம் முடியப்போகுது" என்றார் யாரோ. உங்களுக்குத்தான் என்னைப் பற்றித் தெரியுமே... எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற என் அக்கா வீட்டுக்காரரின் கையில் மாலையைத் திணித்து, "நீங்க போட்டுவிடுங்க" என்று சொல்லிவிட்டேன். போட்டார்.

நாலு நிமிஷம் கழித்து மேளச்சத்தம் கேட்டது.

இருபத்தொரு தாம்பாளத்தோடு வந்த மச்சான், மருமகள் கழுத்தில் மாலையைப் பார்த்தார். தாம்பாளங்களை வாசலிலேயே இறக்கிவைக்கச் சொல்லிவிட்டு, பச்சைத் தண்ணி குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

பத்திரிகை வந்து பன்னிரண்டு நாள். செல்வி ஒரே வரியில் சொல்லிவிட்டாள். "எங்கண்ணன் வந்து நிக்காம எம்புள்ள மணமேடை ஏறாது. அவுக வருவாகளோ மாட்டாகளோ... போய்க் கேளுங்க."

போனேன். மூன்று முறை. மூன்று முறையும் கெங்குவார்பட்டி பஸ் நிறுத்தத்தில் இறங்கி, அங்கன ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும் அவராகவே சர்க்கரை கம்மியாகப் போட்டார். அவ்வளவு பழக்கம். அங்கிருந்து மச்சான் வீடு இருநூறு அடி. கல்யாணத்துக்குக் கிடப்பது நாற்பது நாள்.

போன ஞாயிறுக்கு வருகிறேன்.

ரோட்டைத் தோண்டுகிறவர்கள் புண்ணியத்தில் என் வீட்டு டெலிபோன் லைன் செத்துக் கிடந்தது. பத்தியை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு எஸ்தரம்மா சென்டருக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணே... நீங்க இங்கனயா? இன்னைக்கா?"

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை எனக்கு லீவா?"

"இல்ல... சாயந்திரம் வந்தா நல்ல கேபினா இருக்கும்."

கேட்கிற ஆளா நான்? காலியாக இருந்த ரெண்டாம் நம்பரில் உட்கார்ந்து, பத்தியை ஏற்றினேன். பக்கத்துக் கேபினில் யாரோ மவுசை உரலில் இடிக்கிற மாதிரி இடித்துக்கொண்டிருந்தார்கள். டக்... டக்... டக். அப்புறம்தான் அந்த வாசனை. பிளைவுட்டுக்கு மேலே மிதந்து வந்தது. நல்ல காரமான மலைப்பூண்டு.

உங்களுக்கு இந்நேரம் எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. யார் வீட்டுச் சமையலோ என்று நினைத்துக்கொண்டேன்.

என் பெட்டியில் வரி விழுந்தது. 'மீ த ஃபர்ஸ்ட்டு.' அதே நொடியில் பக்கத்துக் கேபினில் ஒரு செருமல். வேலை முடிந்த திருப்தியில் செருமுகிற செருமல். எட்டு வருஷமாக நான் கேட்காத செருமல்.

பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறித் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு வழுக்கைத் தலை. தோளில் பச்சைத் துண்டு. கம்ப்யூட்டரில் நோட்பேடு திறந்திருந்தது. அதில் அந்த மூன்று வார்த்தை மட்டும் கொட்டை எழுத்தில். எடுத்து ஒட்டுவதற்காக.

"மச்சான்?"

அண்ணாந்து பார்த்தார். என்னிடம் பேசவில்லை. எஸ்தரம்மாவைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏம்மா, கேபினுன்னு சொல்லித்தான காசு வாங்குற? மேல கூரை போட மாட்டியா?"

"மச்சான், நீங்களா எழுதுறது?"

"நான் ஒண்ணும் படிக்கல."

"படிச்சீகளான்னு நான் கேக்கவே இல்லையே."

"கேட்டாலும் படிக்கல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போன மாசம் சந்தையில எடையில கைய வைக்கிற யாவாரின்னு ஒருத்தனப் பத்தி எழுதுனீகளே... அது நான் இல்ல. எந் தராசு நேரா நிக்கும். அத மட்டும் சொல்லிப்புட்டேன்."

எஸ்தரம்மா குக்கர்களைத் தாண்டி ஓடி வந்தார். "அண்ணே, கோவிச்சுக்காதீக. இவுக ஒரு நா வந்து, 'எம் மாப்ள எழுதுறதுக்குக் கீழ நான் ஒண்ணு எழுதணும். வந்தேன்னு தெரியணும், படிச்சேன்னு தெரியக்கூடாது. நாந்தான்னும் தெரியக்கூடாது. ஆனா எனக்கு முன்ன ஒருத்தனும் நிக்கக்கூடாது'ன்னாக. இம்புட்டுக்கும் சேத்து வார்த்தைக்கு நான் எங்கன போக? இதத்தான் எழுதிக் குடுத்தேன்."

நான் மாதக்கணக்கில் தேடிய அர்த்தம், எஸ்தரம்மா வாயிலிருந்து மொத்தமாக வந்துவிட்டது.

"துண்டு போட்டு வச்சேன் மாப்ள" என்றார் மச்சான், ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே. "வீட்டு வாசல்லதான் எனக்கு எடமில்லன்னு ஆகிப்போச்சு. இங்கனயாச்சும் இருக்கட்டும்னு போட்டு வச்சேன்."

நான் நாற்காலி மேலேயே நின்றேன்.

"கயலுக்குக் கல்யாணம்னு எழுதுனீக. ஊரு ஒலகமெல்லாம் படிச்சிருச்சு. மஸ்கட்டுல இருக்கிறவன் வாழ்த்துச் சொல்லுறான். தாய்மாமன் மணிக்கு இருவது ரூவா குடுத்து, இந்தப் பொட்டிக்குள்ள உக்காந்து தெரிஞ்சிக்கிறேன். நல்லா இருக்கா மாப்ள?"

இதற்கு ஒரு ஜோக் சொல்லிச் சமாளிக்கலாம் என்று மனசு தேடியது. ஒன்றும் சிக்கவில்லை.

"அன்னைக்குப் பயந்துட்டேன் மச்சான்."

"எதுக்கு?"

"நல்ல நேரம் போயிருமோன்னு."

"போச்சுல்ல? எட்டு வருசம் போச்சுல்ல?"

மற்ற கேபின்களில் மவுஸ் சத்தம் நின்றுபோயிருந்தது. அப்புறம் அவரே கேட்டார், குரலை இறக்கி.

"பத்திரிகை அடிச்சாச்சா?"

"வந்து பன்னண்டு நாளாச்சு. கட்டுப் பிரிக்கல."

"ஏன்?"

"முதல் பத்திரிகை வைக்கிற வீட்டு முக்கு வரைக்கும் மூணு தடவ வந்தேன். டீ குடிச்சிட்டுத் திரும்பிட்டேன்."

"தெரியும். டீக்கடைக்காரன் சொன்னான்." அவர் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிப்பா, வேறா, மேலே நின்றவனுக்குத் தெரியவில்லை. "எம்பேரு போட்டிருக்கா?"

"தாய்மாமன் வீரணன். முதல் வரி."

மவுசை ஒரு இடி இடித்து அந்த நோட்பேடை மூடினார். "செல்வியக் கூட்டிட்டு வாங்க. நாளைக்கே வாங்க. டீ எங்க வீட்டுல குடிக்கலாம்" என்றார். "ஆனா மாப்ள... ஒரே ஒரு கண்டிசன். அன்னைக்கு நான் வந்து நிக்காம ஒரு பய மாலையத் தொடக்கூடாது."

"சரி மச்சான்."

"வேன் பஞ்சரானா?"

தேவதானப்பட்டி கண்முன்னால் வந்து நின்றது. இருந்தாலும் சொன்னேன்.

"மாப்பிள்ளை தாலியக் கையில வச்சிக்கிட்டு நிப்பாரு. ஐயர் நிப்பாரு. நானும் நிப்பேன்."

"பயப்பட மாட்டீகளே?"

"பயப்படுவேன். ஆனா நிப்பேன்."

திங்கட்கிழமை கெங்குவார்பட்டியில் டீக்கடையைத் தாண்டி நடந்தோம். வாசலிலேயே நின்றார். "வா ஆத்தா" என்றார் தங்கச்சியைப் பார்த்து. அதற்குமேல் அண்ணனும் தங்கச்சியும் என்ன பேசினார்கள் என்று எழுதமாட்டேன். எழுதும்படியாக ஒன்றும் பேசவில்லை, அழுதார்கள். கட்டைப் பிரித்து முதல் பத்திரிகையை நான்தான் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டு ஒரு வரி விடாமல் படித்தார். அச்சுப்பிழை ஒன்றுகூடக் கண்டுபிடித்துச் சொன்னார். இந்த மனுஷனா படிக்காமல் எழுதுகிறவர்?

மீதி நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பத்திரிகையும் இப்போது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. விட்டுப்போன வாசகர்கள் இந்தப் பத்தியையே பத்திரிகையாக நினைத்து, கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு அவசியம் வாருங்கள்.

ஆனால் ஒன்று... ரெண்டாவதாக வாருங்கள்.